இடது பக்கத்து டயர்

ஓடுகிற டயர்தான் கெட்டுப்போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நிற்கிற டயர்தான் முதலில் கெடும். ஓடுகிற டயரில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். நிற்கிற டயர் பார்வைக்குப் புதிது மாதிரியே இருந்துகொண்டு பக்கவாட்டில் மெதுவாக வெடிப்பு விடும். நகத்தால் கீறியது போல முதலில் ஒரு கோடு, சில நாளில் அதன் பக்கத்தில் இன்னொன்று. குனிந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஐயா, நடந்ததை மட்டும் சொல் என்றீர்கள். டயரை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்ல முடியாது. ஏட்டையா எழுதினால் பாதியை விட்டுவிடுவார் என்றுதான் காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். விஜயதசமியன்று காலை கூடுவாஞ்சேரி ஏரிக்கரையில் எங்கள் கடை டிரெய்லரின் இடது டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்து, உள்ளே இருந்த ஒருவர் இறந்துபோனார். அது எப்படி நடந்தது என்று உங்கள் தாளில் ஒன்று எழுதியிருக்கிறது. அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். இறந்தவரைப் பற்றி அதன் வரிசையில் சொல்வேன்.

என் பெயர் அய்யாதுரை. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சிக்கு நான் சித்தப்பா மகன். உடன்குடியிலிருந்து என்னைக் கூட்டி வந்தபோது எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குப் புடவை விற்கவும் வராது, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வராது. அறுபத்தேழில் அடையாற்றிலிருந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அண்ணாச்சி ஒரு டிரெய்லர் வாங்கினார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற இரண்டு சக்கர வீடு அது. கட்டிலையும் அடுப்பையும் கழற்றிவிட்டுப் புடவை அடுக்க அலமாரி வைத்தோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று ஊர் ஊராகப் போகும். பக்கப் பலகையைத் தூக்கிவிட்டால் கடை. பொங்கலுக்கு இன்னொரு சுற்று. மற்ற மாதங்களில் கொட்டிவாக்கத்தில் அண்ணாச்சியின் சவுக்குத் தோப்புக் கொட்டகையில் நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. கொட்டகையை ஒட்டிய அறையிலேயே நானும் தங்கிக்கொண்டேன்.

ஆறு வருஷம் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்றால் காவல் இருந்தேன் என்று அர்த்தம் இல்லை. சுற்று முடிந்து வண்டி வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்துவேன். பாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் டயரில் அந்த இடம் செத்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி வைப்பேன். வெயிலும் உப்புக்காற்றும் படாமல் சாக்கு கட்டுவேன். மண்ணெண்ணெய், கிரீஸ் எதையும் பக்கத்தில் அண்ட விடமாட்டேன். காற்றை விடிந்ததும், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பேன். முப்பத்தைந்து பவுண்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆறு வருஷத்தில் ஒரு பஞ்சர்கூட இல்லை. பஞ்சர் ஆகாதவரை நம்மை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருந்தது.

ஒரு விதி மட்டும் வைத்திருந்தேன். வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தன் நாலு சக்கரம்தான் தெரியும். பின்னால் வருகிற சக்கரத்தில் காற்று இறங்கினாலும், அது சூடேறிப் புகைந்தாலும், அவனுக்கு ஒரு தகவலும் வராது. டயர் வெடித்து டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். அப்போது பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் கதை முடிந்தது. இந்த விதியைக் கதவின் உள்பக்கம் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தேன். எழுத்து கோணாமல் இருக்கப் பென்சிலில் கோடு போட்டுக் கொடுத்தது தங்கபுஷ்பம், அண்ணாச்சியின் ஒரே மகள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு கடல் பார்க்க வருவாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட உலகத்தில் இருந்த ஒரே பிள்ளை. காற்று பார்க்கும் மீட்டரை அவள் கையில் மட்டும்தான் கொடுப்பேன்.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வெள்ளைத்துரை, விருதுநகர்க்காரர், பி.காம். படித்தவர். கெட்டவர் இல்லை. அவர் வந்த பிறகு வியாபாரம் தூக்கிவிட்டது என்று அண்ணாச்சியே பெருமையாகச் சொல்வார். ஆனால் எந்த ஆளாவது ஓரிடத்தில் சும்மா இருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டால் பொறுக்காது. இந்தப் பொங்கல் சுற்று முடிந்ததும் என்னைக் கடைக்கு வரச் சொல்லி, குடையும் ஜமுக்காளமும் விற்கிற மூலையில் உட்கார வைத்தார். மாடியில் ஓர் அறை ஒதுக்கினார். கொட்டகையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சாவியையும் மீட்டரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை மாதம் ஒரு விடுமுறையில் கொட்டிவாக்கம் போனேன். டிரெய்லர் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றது. உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். என் மரக்கட்டைகளை யாரோ அடுப்பில் வைத்து எரித்திருந்தார்கள். இடது பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் டிரம்மைச் சாய்த்து வைத்திருந்தார்கள்; அது கசிந்து சக்கரத்தின் அடியில் ஊறியிருந்தது. அந்த டயர் பாதிக் காற்று இறங்கி, மாதக் கணக்கில் அப்படியே நசுங்கி நின்றிருக்கிறது. குனிந்து பார்த்தேன். ரிம்முக்குச் சற்று மேலே சுற்றிலும் வெடிப்பு. ஒரு வெடிப்பில் என் நகம் உள்ளே போயிற்று; உள்ளே நூல் தட்டுப்பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு டயருக்காகவா என்று கேட்பீர்கள். ஆறு வருஷமாகக் காலையில் எழுந்ததும் நான் போய்த் தொடுகிற முதல் பொருள் அது.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் டிரைவர் பொன்னுரங்கத்தையும் விற்பனையாள் வேலுவையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். செருப்புக்காலால் டயரை இரண்டு தட்டு தட்டினார்.

"ரோட்டுல படுற பட்டன் எல்லாம் தேயாம அப்படியே இருக்கு மாமா. இதுக்குப் போயா மூணு நாளு சாப்பிடாமக் கெடந்திய? டயரு உங்களவிட நல்லா இருக்கு."

வேலு சிரித்தான். பொன்னுரங்கமும் சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான். பொன்னுரங்கம் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரன், வண்டி தெரிந்தவன். அவன் தலையைக் குனிந்ததால் அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேராக அண்ணாச்சியிடம் போனேன். அவர் செப்டம்பரில் ரிம்மோடு இரண்டு புது டயர் வரவழைத்து, டிரெய்லரைத் திரும்ப என் பொறுப்பில் விட்டார். இரண்டையும் மாட்டினேன். கெட்டுப்போன அந்த இடது டயரை மட்டும் அதன் ரிம்மோடு எடுத்துக் கொட்டகை அறையில் வைத்துக்கொண்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான். அப்போது என் மனசில் வேறு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் டிரெய்லருக்குள் தனக்கென்று ஒரு மெத்தை இருக்கையும், ஜீப் பாட்டரியில் ஓடுகிற சின்ன விசிறியும் போட்டுக்கொண்டார். அந்த வேலை செய்தவர்கள் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவில்லை. ஒருநாள் பல்லாவரம் வரை உள்ளே படுத்துக்கொண்டே போய்வந்தார்.

"நல்லாத் தூங்கிட்டே வந்தேன் மாமா. தீபாவளிச் சுத்து முழுக்க நான் இதுலதான். கதவுல நீங்க எழுதி வச்சிருந்ததப் பெயின்ட் அடிச்சு மறைச்சாச்சு. பாக்கவே அபசகுனமா இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவாயிற்று. விதியை மதிக்கிறவனுக்கு ஓடுகிற டிரெய்லருக்குள் வேலை இல்லை. ஆள் இல்லாத டிரெய்லர் கவிழ்ந்தால் போவது புடவைதான். உள்ளே ஏறுகிறவர் தாமாக ஏறுகிறார். அவர் கெடுத்த டயரை நான் அவரிடமே திருப்பிக் கொடுக்கிறேன். இதில் என்ன தப்பு என்று இரண்டு வாரம் யோசித்தேன். வெள்ளைத்துரை மேல் எனக்கு வெறுப்பு இருந்ததா என்றும் என்னையே கேட்டுக்கொண்டேன். இருந்தது. ஆனால் வெறுப்பினால் மட்டும் நான் ஒரு வேலையில் இறங்குகிறவன் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கொட்டிவாக்கத்தில் தனியாக இருந்தேன். மத்தியானம் ஜாக்கி போட்டு இடது பக்கம் புதுச் சக்கரத்தைக் கழற்றி, பழையதை மாட்டினேன். நட்டுகளை எப்போதும் போல எதிரெதிராக முடுக்கினேன். காற்று முப்பத்தைந்து வைத்தேன். மெதுவாகப் போனால் அது தாங்கும். மறுநாள் காலை பொன்னுரங்கம் வந்து திருவான்மியூர், அடையாறு வழியாகக் கடைக்கு இழுத்து வந்தான். மணல் பாதை, பாலம், சந்தடி, எங்கேயும் வேகம் எடுக்க முடியாது. டயர் ஒன்றும் செய்யவில்லை.

கடையை ஒட்டிய சந்தில் வண்டிகளைக் கழுவி நிறுத்தி டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் அடித்தோம். வருஷா வருஷம் செய்வதுதான். பாலிஷ் பட்டால் எந்த டயரும் மாப்பிள்ளைக் கோலத்துக்கு வந்துவிடும். அதன் மேல் சந்தனம், குங்குமம். எல்லா வண்டிக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். இடது டயரில் நூல் தெரிகிற இடத்தில் வைத்த பொட்டு மற்றவற்றைவிடப் பெரியது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, சந்தனத்தை ஏன் இப்படி அப்புகிறாய் என்று கேட்டார். அன்று பூராவும் அவர் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கத்தரிக்கோல், அளவுகோல், பில் புத்தகம் இவற்றோடு ஜாக்கி, ஸ்பானர், காற்று பம்பு, மீட்டர் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். மறுநாள் அண்ணாச்சி வந்து கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. இந்த வருஷம் விஜயதசமி சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். ஆகவே டிரெய்லர் ஒன்பதுக்குள் கிளம்ப வேண்டும்; ஆயுதம் எடுப்பது பத்தரைக்கு மேல்தான். கருவிகளைப் பின்னால் டெம்போவில் அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. பூஜையில் வைத்ததை எடுக்கிற தைரியம் எங்கள் ஆட்களுக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கி, இடது பக்கம் மட்டும் வால்வைத் தீக்குச்சியால் அழுத்திக் காற்றை இறக்கினேன். சத்தத்தை வைத்தே எனக்கு அளவு தெரியும். இருபது, இருபத்திரண்டு இருக்கும். கனமான ஜமுக்காளக் கட்டுகளை இடது சக்கரத்துக்கு நேர் மேலே ஏற்றச் சொன்னேன். கிண்டி தாண்டும்வரை ஆபத்து இல்லை. தாம்பரத்துக்கு அப்பால் நேர் ரோட்டில் வேகம் எடுத்து, காற்றுக் குறைந்த டயர் சூடேற வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எட்டரை மணிக்கு மாப்பிள்ளை வந்தார். கூட தங்கபுஷ்பம் வந்தாள், அரக்குப் பட்டுப்புடவையில். அவள் வருவதாக முன்னால் பேச்சே இல்லை.

"இவ கைராசிக்காரில்லா மாமா, செங்கல்பட்டுல மொதப் போணி இவ கையாலதான். சாயங்காலம் டெம்போவுல திரும்பி வந்துருவா" என்றார் மாப்பிள்ளை. பிறகு அவளிடம், "ஜீப்புல புழுதி, பட்டு வீணாப் போயிரும். நீ உள்ள உக்காந்துக்க. நான் முன்னால பொன்னுரங்கம்கூட வாரேன்" என்றார்.

ஐயா, இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அவள் ஏறினாள். அவர் ஜீப்பின் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார். வேலு ஜீப்பில் பின்னால் ஏறினான். கிளம்ப இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. கடைக் கடிகாரம் எனக்கு எதிரிலேயே மாட்டியிருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வார்த்தையும் சொல்ல வேண்டும். அந்த டயர் அங்கே எப்படி வந்தது என்று கேட்பார்கள். இத்தனை வருஷம் ஒரு பஞ்சர் இல்லாமல் வைத்திருந்த நான், வெடிப்பு விட்ட டயரை மாட்டி வைத்திருக்கிறேன் என்று சந்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வேலு மறுபடி சிரிப்பான்.

பொன்னுரங்கம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இடது டயரைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"இன்னா அண்ணாச்சி, லெஃப்ட்ல காத்து கம்மியா கீற மாதிரி கீதே. மீட்டரக் குடு, ஒரு தபா பார்த்துடறேன்."

"மீட்டரு பூஜையில இருக்குல்லா."

"அத்த எடுத்தா சாமி இன்னா கோச்சுக்கவா போவுது? உள்ள பாப்பா வேற குந்திக்கினு கீது."

"சாமி கோவிக்காது. பெரிய அண்ணாச்சி கோவிப்பாவ."

"அப்போ சைதாப்பேட்ட பங்க்ல நிறுத்திப் பார்த்துக்கினு போறேன்."

"நேத்துப் பூஜைக்கு முன்னால நானே பாத்தேன். முப்பத்தஞ்சு. மேல கனம் ஏத்தியிருக்கு, அதான் அப்படித் தெரியுது. நீ எடு" என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் முப்பத்தைந்துதான் இருந்தது. மேலே கனமும் ஏற்றியிருந்தது.

ஜீப்புக்குள்ளிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "மணி எட்டு அம்பத்தஞ்சு ஆச்சு, ராகுகாலம் வந்துரும். எடுய்யா வண்டிய. மாமா பாத்த டயரு, அதுல என்ன கொறை இருக்கப் போவுது?"

இந்தச் சொல்லை அவர் ஜூலை மாதம் சொல்லியிருக்கலாம். கொட்டகையில், அந்த இரண்டு பேர் முன்னால். அதை நினைத்தபோது எனக்கு ஏற்பட்ட கோபத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

டிரெய்லரின் பின் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"சித்தப்பா, உள்ளாற தாழ்ப்பாளக் காணும். வெளியேருந்து கொண்டி போட்டிருங்க. இல்லன்னா வழி பூரா டம்மு டம்முன்னு அடிக்கும்."

போட்டேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். பூசணிக்காய் உடைத்தார்கள். வண்டி சந்து திரும்பிப் போனது.

கடைக்குள் போய்க் குடைகளைத் துடைக்க ஆரம்பித்தேன். கைராசியுள்ள பெண், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரம் அதை நம்பினேன். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சைதாப்பேட்டை. கிண்டி. பரங்கிமலை. தாம்பரம். ஒவ்வொரு இடமாக வண்டியை மனசுக்குள் ஓட்டினேன். பொன்னுரங்கம் எதற்காவது நிறுத்துவான், டீ குடிக்க இறங்குவான், டயரில் கை வைத்துப் பார்ப்பான், சூடு தெரியும் என்று ஓர் ஆசை இருந்தது. அவன் நிறுத்தவில்லை. நான் முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தேன் அல்லவா. பத்தே முக்காலுக்கு அண்ணாச்சி கற்பூரம் காட்டி, மீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். பதினொன்றரைக்கு டெலிபோன் வந்தது.

டிரெய்லர் கொக்கி அறுந்து ஏரிக்கரைச் சரிவில் மூன்று குட்டிக்கரணம் போட்டதாக வேலு சொன்னான். ஜீப் கரையிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் சின்னக் காயம். கொண்டி வளைந்துபோய்க் கதவைத் திறக்க நேரம் ஆயிற்று என்றும் சொன்னான். உள்ளே அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்டதாம். அவளுக்கு இருபத்தொரு வயது.

பொன்னுரங்கத்தைக் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று பிடித்துப்போனார்கள். மாப்பிள்ளை ஆத்திரத்தில் ஜாமீன் எடுக்க விடவில்லை. நாற்பத்தொரு நாள் செங்கல்பட்டு ஜெயிலில் இருந்தான். அவன் பெண்சாதி தாயம்மா தினமும் கடை வாசலில் வந்து நிற்பாள். என்னைப் பார்த்தால் மட்டும் பேசுவாள்.

"நீயாவது சொல்லு அண்ணாச்சி. அது வேகமா ஓட்ற ஆளே இல்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் தாயி, சொல்லுதேன்" என்பேன். சொல்லவில்லை. அவனுக்காக நான் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அது சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று இருந்துவிட்டேன். பார்த்துக்கொண்டார்கள். வண்டி பரிசோதகர் வந்து பார்த்து, டிரைவர் மேல் குற்றம் இல்லை, டயர் பழையது, வெடிப்பு விட்டது, பராமரிப்பில் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். பொன்னுரங்கத்தை விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் மூலைக்கு வந்து ஜமுக்காளக் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஆள் பாதியாகிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்கும் வயசாயிட்டுல்லா. புதுச மாட்டியாச்சுன்னு நெனச்சுட்டுப் பழசயே விட்டுட்ட. மறதிதான. உம்மேல எனக்குக் கோவம் இல்லப்பா. போ, போயி ஒரு வாய் சோறு தின்னு."

மறுநாள் மாப்பிள்ளை வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். "என் தப்பு மாமா. நான்தான் உங்களக் கொண்டுவந்து இந்த மூலையில உக்கார வச்சேன். உங்ககிட்டயே விட்டிருந்தா நீங்க மறந்திருக்க மாட்டிய" என்றார். பொன்னுரங்கம்கூட வந்தான். அவனும் என்னைத் திட்டவில்லை. "வுடு அண்ணாச்சி, வயசானா எல்லார்க்கும் வர்றதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். கடைப் பையன்கள்முதல் கணக்கர்வரை என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். நான் குடையை எடுத்து வைத்தால், சரியான இடத்தில் வைத்தேனா என்று ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். மறந்துபோகிற மனுஷன் என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னை மன்னித்துவிட்டார்கள். துக்கத்தை நான் தாங்கிக்கொண்டேன். தங்கபுஷ்பத்தை நினைக்காத நாள் இல்லை. இதை மட்டும் தாங்க முடியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ரிக்ஷாவில், சாக்கு சுற்றிய சக்கரம் ஒன்று இருக்கிறது. அன்று மாட்டியிருக்க வேண்டிய புதுச் சக்கரம் அதுதான். கொட்டிவாக்கத்து அறையில் ஒளித்து வைத்திருந்தேன். வேண்டுமானால் பரிசோதகரை வரவழைத்துக் காட்டுங்கள். ஒரு கீறல் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே அந்தத் தாளில் பராமரிப்பில் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். இடது டயரை மாற்றியது நான். காற்றை இறக்கியது நான். பொன்னுரங்கம் கேட்டபோது தடுத்தது நான். உள்ளே தங்கபுஷ்பம் இருக்கிறாள் என்று தெரிந்தே வெளியிலிருந்து கொண்டியைப் போட்டது நான். ஒவ்வொன்றையும் நினைவோடு, முறையாகச் செய்தேன். என் பொறுப்பில் விட்ட வண்டியில் ஒருநாளும் குறை வந்ததில்லை.